தலையில் தேய்க்கும் மருந்து மயிர்க்கால் வரை செல்கிறதா? ஹுன்சூர் மூலிகை எண்ணெய் முதல் மினாக்ஸிடில் வரை

மைசூரு: கர்நாடக மாநிலம் மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தில் உள்ள பக்ஷிராஜபுரா என்ற சிற்றூரின் பெயர், கடந்த சில ஆண்டுகளில் சமூக ஊடகங்கள் வழியாக நாடு முழுவதும் அறியப்பட்டுள்ளது. அங்கு வாழும் ஹக்கி பிக்கி பழங்குடியினர் தயாரித்து விற்கும் ‘ஆதிவாசி’ கூந்தல் எண்ணெயே இதற்குக் காரணம். இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலுடன் ஆண்களும் பெண்களும் தோன்றும் காணொலிகள் தமிழகத்திலும் பரவலாகப் பார்க்கப்படுகின்றன. இந்த விளம்பரங்களில் ‘108 மூலிகைகள்’ என்ற எண் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகிறது.

ஆனால் தலையில் தேய்க்கப்படும் எந்தப் பொருளுக்கும், அது மூலிகை எண்ணெயாக இருந்தாலும் மருந்துக் கடையில் வாங்கும் கரைசலாக இருந்தாலும், முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு. அதில் உள்ள எந்தப் பொருள், எவ்வளவு, தோலைக் கடந்து முடி முளைக்கும் இடத்தைச் சென்றடைகிறது? தோல் மருத்துவ ஆய்வுகள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வரும் இக்கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகள், முடி உதிர்வுக்காகப் பணம் செலவிடும் எவருக்கும் பயன்படக்கூடியவை.

பறவை பிடிப்போர் எண்ணெய் விற்பனையாளர் ஆன கதை

கன்னடத்தில் ‘ஹக்கி’ என்றால் பறவை. பறவை பிடிப்போர் என்ற பொருளிலேயே இச்சமூகத்துக்கு இப்பெயர் வழங்குகிறது. இவர்கள் பேசும் வாக்ரி மொழி குஜராத்தியுடன் உறவுடையது. தமிழகத்தின் நரிக்குறவர் சமூகத்தினரும் இம்மொழியைப் பேசுவோரே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்த பின்னர், மூலிகைப் பொருள்கள் விற்பனை இவர்களில் பலருக்கு வாழ்வாதாரமானது. கர்நாடகத்தில் இவர்களின் எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 12 ஆயிரம்.

உள்ளூர்ச் சந்தைகளில் தொடங்கிய இந்த விற்பனை ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்றது. 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, மூலிகைப் பொருள்கள் விற்கச் சென்றிருந்த ஹக்கி பிக்கி மக்கள் அங்கு சிக்கிக்கொண்டனர். கர்நாடகத்தைச் சேர்ந்த 31 பேர் உணவின்றித் தவிப்பதாக சித்தராமையா ட்விட்டரில் பதிவிட்டதும், வெளியுறவுத் துறை அமைச்சர் ஜெய்சங்கர் அதற்குக் கடுமையாகப் பதிலளித்ததும் அப்போது செய்தியாயின. ‘ஆபரேஷன் காவேரி’ மூலம் மீட்கப்பட்ட இச்சமூகத்தினரைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மே மாதம் சிவமொக்காவில் சந்தித்தார். ஒரு புட்டி எண்ணெய்க்குப் பின்னால் போர்முனை வரை சென்று திரும்பிய வாழ்க்கைகள் உள்ளன என்பதையும் இவ்விடத்தில் பதிவு செய்வது நியாயம்.

‘இறங்குதல்’ எங்கே?

எண்ணெய் தேய்த்து ஊறவிட்ட பின், ‘எண்ணெய் நன்றாக இறங்கிவிட்டது’ என்று தமிழில் சொல்வது வழக்கம். அன்றாடப் பேச்சுக்கு இச்சொல் போதும். மருந்தைப் பொறுத்தவரை, அது எதற்குள் இறங்கியது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முடியிழைக்குள் இறங்கலாம், தோலின் மேலடுக்கில் தங்கலாம், மயிர்க்காலுக்குள் செல்லலாம், அதையும் கடந்து இரத்தத்தில் கலக்கலாம். இந்த நான்கும் வெவ்வேறு விளைவுகளைத் தருபவை.

முடியிழை உயிரற்றது. தோலுக்கு வெளியே தெரியும் பகுதி, இறந்த செல்களில் படிந்த கெரட்டின் புரதத்தால் ஆனது. தேங்காய் எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேர்கோட்டு அமைப்புடையது என்பதால் அது முடியிழைக்குள் ஊடுருவுகிறது. மும்பையைச் சேர்ந்த மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு குறைக்கவில்லை என்றும் காட்டியது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதை மனத்தில் கொண்டே இதைப் படிக்க வேண்டும் என்றாலும், வேதியியல் விளக்கம் ஏற்கத்தக்கதே. நம் வீடுகளில் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்க்கும் பழக்கத்துக்கு இது ஆதரவளிக்கிறது. முடி உடைவது குறையும், பளபளப்புக் கூடும். ஆனால் புதிய முடி முளைப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. முடி முளைப்பது தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள மயிர்க்காலின் அடிக்குமிழில்.

அந்த ஆழத்தை அடைவதற்குத் தடையாக நிற்பது புறத்தோலின் மேலடுக்கு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு தடிமனே உள்ள இந்த அடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது மருத்துவ நூல்களின் வழக்கம். இறந்த செல்கள் செங்கற்களாகவும், அவற்றுக்கு இடையிலான கொழுப்பு சாந்தாகவும் அமைந்த சுவர் இது. உடலின் நீரை உள்ளே காப்பதும் வெளி நஞ்சைத் தடுப்பதும் இதன் வேலை. வெளியிலிருந்து வருவது மருந்து என்பதற்காக இந்தச் சுவர் வழிவிடுவதில்லை.

இச்சுவரைக் கடக்கும் மூலக்கூறுகள் பெரும்பாலும் 500 டால்டனுக்குக் குறைவான எடை கொண்டவை என்ற விதி 2000-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. மினாக்ஸிடிலின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 209, ஃபினாஸ்டரைடின் எடை ஏறத்தாழ 372. இரண்டும் எல்லைக்குள் வருகின்றன. ஷாம்பு விளம்பரங்களில் பேசப்படும் கெரட்டின், கொலாஜன் போன்ற புரதங்களின் முழு மூலக்கூறுகள் இந்த எல்லையைவிடப் பல மடங்கு பெரியவை. அவை முடியின் மேற்பரப்பில் படியலாம், தோலுக்குள் செல்வதில்லை.

சுவரில் ஒரு வாசல் உண்டு. ஒவ்வொரு முடியும் வெளிவரும் துவாரமே அது. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருப்பதால், மருந்து செல்வதற்கு உடலின் பிற இடங்களைவிட உச்சந்தலையில் வாசல்கள் அதிகம். தலைமுடிக்கான மருந்தியல் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வாசலைப் பயன்படுத்துவதைப் பற்றியதே.

மினாக்ஸிடில் கற்றுத்தந்தது

தலையில் தடவும் மருந்துகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டது மினாக்ஸிடில். இது முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக, அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. மாத்திரை உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்தது பக்கவிளைவாகக் கவனிக்கப்பட்டது. அந்தப் பக்கவிளைவே பின்னர் மருந்தானது. 2 சதவீதக் கரைசல் 1988-இல் ஆண்களுக்கும், 1991-இல் பெண்களுக்கும் ஒப்புதல் பெற்றது. 5 சதவீத நுரை வடிவம் 2006-இல் வந்தது.

தலையில் தடவப்படும் மினாக்ஸிடிலில் சராசரியாக 1.4 சதவீதமே இரத்தத்தில் கலப்பதாக மருந்தின் தகவல் குறிப்பு தெரிவிக்கிறது. 5 சதவீதக் கரைசலை ஒரு நாளைக்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி லிட்டர் தடவினால் மொத்தம் 100 மில்லிகிராம் மருந்து தலையில் படுகிறது. அதில் ஏறத்தாழ 1.4 மில்லிகிராம் இரத்தத்தைச் சேரும். இரத்த அழுத்தத்துக்காக வழக்கமாகத் தரப்பட்ட மாத்திரை அளவு நாளொன்றுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் என்பதை ஒப்பிட்டால், தடவும் முறை ஏன் ஒப்பீட்டளவில் பாதுகாப்பாகக் கருதப்படுகிறது என்பது புரியும். அதாவது, மருந்து மிகக் குறைவாக இரத்தத்தில் கலப்பதே இம்மருந்தின் பாதுகாப்பு.

மருந்தைக் கரைக்கும் திரவமும் மருந்தைப் போலவே முக்கியமானது. மினாக்ஸிடில் நீரில் மிகக் குறைவாகவே கரையும். எனவே ஆல்கஹால், புரொப்பிலீன் கிளைக்கால், நீர் ஆகியவற்றின் கலவையில் அது கரைக்கப்படுகிறது. தடவியதும் ஆல்கஹால் ஆவியாகிறது. எஞ்சிய திரவத்தில் மருந்தின் செறிவு உயர்ந்து, தோலுக்குள் செல்லும் உந்துதல் கூடுகிறது. ஆவியாகாத புரொப்பிலீன் கிளைக்கால் மருந்து படிகமாக உறைந்துவிடாமல் காக்கிறது. பலருக்கு அரிப்பையும் செதில் உதிர்தலையும் உண்டாக்குவதும் இதே பொருள்தான். அதைத் தவிர்ப்பதற்காகவே நுரை வடிவம் உருவாக்கப்பட்டது.

உலர்ந்த தலையில், முடியை வகிர்ந்து தோலின் மீது தடவ வேண்டும், குறைந்தது 4 மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது என்ற அறிவுறுத்தல்கள் இதன் தொடர்ச்சியே. முடியின் மீது வழிந்த மருந்து வீணாகிறது. காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு அதன் மேல் மினாக்ஸிடில் தடவுவதும், தடவிய அரைமணியில் குளிப்பதும் நம்மிடையே காணப்படும் பழக்கங்கள். மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் இவற்றைச் சரிபார்ப்பது நல்லது. பலன் தெரியக் குறைந்தது 4 மாதங்கள் ஆகும் என்பதும், முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம் என்பதும் பலருக்கு முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை.

மருந்து உள்ளே சென்றுவிட்டாலும் கதை முடிவதில்லை. மினாக்ஸிடில் அப்படியே வேலை செய்யாது. மயிர்க்காலில் உள்ள சல்ஃபோட்ரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி அதை மினாக்ஸிடில் சல்ஃபேட்டாக மாற்ற வேண்டும். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரே மருந்தை ஒரே முறையில் பயன்படுத்தும் இருவரில் ஒருவருக்குப் பலனும் மற்றவருக்கு ஏமாற்றமும் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேய்த்தல், துளைத்தல்

உறிஞ்சுதலைக் கூட்டுவதற்கான வழிகளில் மிக எளியது கைகளால் தேய்த்து விடுவது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 320 நானோமீட்டர் அளவுள்ள துகள்களில் ஏற்றப்பட்ட சாயத்தைப் பன்றித் தோலில் தடவித் தேய்த்தபோது, அது சாதாரணக் கரைசலைவிட மயிர்க்காலுக்குள் ஆழமாகச் சென்றது. துகள்கள் மயிர்க்காலில் 10 நாள்கள் வரை தங்கின. கரைசல் வடிவம் 4 நாள்களே தங்கியது. தேய்க்கும்போது முடி முன்னும் பின்னும் அசைந்து, ஒரு பம்பு போலத் துகள்களை உள்ளே தள்ளுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் மருந்தியல் ஆய்வுக்கூடங்கள் லிப்போசோம், நானோ துகள் வடிவங்களில் தலைமுடி மருந்துகளை முயன்று வருவதற்கு இத்தகைய முடிவுகள் அடிப்படை. ஆய்வகத் தோலில் கிடைத்த வெற்றி, மனிதர் தலையில் முடியாக மாறுவதற்கு இன்னும் தொலைவு உண்டு.

மசாஜ் மட்டுமே முடியைத் தடிமனாக்கும் என்று கூறும் ஜப்பானிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 9 பேர் மட்டுமே.

இந்தியாவிலிருந்து உலகின் கவனத்தை ஈர்த்த ஆய்வு, மும்பையில் ரச்சிதா துரத் தலைமையில் நடந்து 2013-இல் வெளியானது. ஆண்மை வழுக்கை உள்ள 100 ஆண்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 5 சதவீத மினாக்ஸிடில் மட்டும் பயன்படுத்தினர். மற்றவர்களுக்கு அதனுடன் வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் நீள நுண்ணூசிகள் பதித்த உருளை தலையில் உருட்டப்பட்டது. 12 வாரங்களின் முடிவில், குறிக்கப்பட்ட பகுதியில் முடி எண்ணிக்கை மினாக்ஸிடில் பிரிவில் சராசரியாக 22.2-உம், ஊசி உருளைப் பிரிவில் 91.4-உம் அதிகரித்தது.

இந்த எண்களைக் காட்டி ஊசி உருளைகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. ஆய்வில் கடைப்பிடிக்கப்பட்ட ஒரு விவரம் மட்டும் விற்பனைப் பக்கங்களில் காணப்படுவது அரிது. ஊசி உருட்டிய பின் 24 மணி நேரம் கழித்தே மினாக்ஸிடில் மீண்டும் தொடங்கப்பட்டது. எனவே மருந்து துளைகள் வழியே உடனடியாகக் கொட்டியதால் மட்டும் பலன் கிடைத்தது என்று கூற முடியாது. சிறு காயங்கள் ஆறும்போது தோல் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளே முடியைத் தூண்டியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. துளைத்த கையோடு வீட்டில் மருந்தை ஊற்றுவோர், ஆய்வில் செய்யப்படாத ஒன்றையே செய்கின்றனர். தூய்மையற்ற ஊசியால் தொற்றும், மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் கலக்கும் வாய்ப்பும் இதில் உண்டு.

முகப்பருவுக்குத் தரப்படும் டிரெட்டினாயின் சேர்த்துத் தடவினால் மினாக்ஸிடில் உறிஞ்சப்படுவது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என 1990-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. மேற்கூறிய நொதியின் அளவையும் டிரெட்டினாயின் கூட்டுவதாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. தோல் எரிச்சலும் இதனுடன் சேர்ந்தே வருகிறது. கர்ப்பிணிகள் டிரெட்டினாயினைத் தவிர்க்க வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது.

கூடுதலாகச் சென்றால் என்ன ஆகும்?

உறிஞ்சுதல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தடவும் மருந்து மயிர்க்காலில் தங்க வேண்டும், உடலெங்கும் பரவக் கூடாது என்பதே மருத்துவத்தின் நோக்கம். இரத்தத்தில் மினாக்ஸிடில் கூடினால் படபடப்பு, தலைச்சுற்றல், கால் வீக்கம், முகத்தில் முடி வளர்தல் ஆகியவை ஏற்படக்கூடும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. மருந்து தடவிய தலையை நெகிழித் தாளால் சுற்றிக் கட்டுவது, சூடான துண்டால் மூடுவது, புண்ணோ பூஞ்சைத் தொற்றோ உள்ள தலையில் தடவுவது ஆகியவை சுவரை வலுவிழக்கச் செய்து மருந்தை உள்ளே விடுகின்றன.

ஃபினாஸ்டரைடு கலந்த தடவும் மருந்துகள் குறித்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. தனித்தனியாகக் கலந்து தயாரித்து இணையவழி விற்கப்பட்ட இத்தகைய மருந்துகளைப் பயன்படுத்தியோரிடமிருந்து பாலியல் குறைபாடு, மனச்சோர்வு உள்ளிட்ட புகார்கள் வந்ததை அது சுட்டிக்காட்டியது. தலையில் தடவுவதால் உடலுக்குள் செல்லாது என்ற நம்பிக்கையோடு வாங்கியவர்கள் இவர்களில் உண்டு. கருவில் உள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் இம்மருந்தைத் தொடுவதையே தவிர்க்க வேண்டும்.

மருந்து தடவியவரின் தலையோடு நின்றுவிடுவதும் இல்லை. மினாக்ஸிடில் பயன்படுத்தும் பெற்றோரின் தலையோடு தோல் உரசிய கைக்குழந்தைகளின் உடலில் மிகையாக முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாயின. இதையடுத்து, மருந்தின் தகவல் தாளில் எச்சரிக்கை சேர்க்க ஐரோப்பிய மருந்து முகமை 2024-இல் பரிந்துரைத்தது. அக்குழந்தைகளுக்கு, தொடர்பு நிறுத்தப்பட்ட சில மாதங்களில் முடி மறைந்தது. பூனைகளுக்கு இம்மருந்து சிறிதளவே உயிரைப் பறிக்கக்கூடியது. தலையணை உறையை நக்கினாலும் ஆபத்து. தடவிய பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், மருந்து உலர்ந்த பிறகே படுப்பதும் வீட்டில் குழந்தையோ பூனையோ இருப்பவர்களுக்குக் கட்டாயம்.

மூலிகை எண்ணெய்களின் நிலை

தாவரங்களிலிருந்து பெறப்படுவதால் மட்டும் மூலிகை எண்ணெய்கள் பயனற்றவை ஆகிவிடா. கரிசலாங்கண்ணி, அவுரி, நெல்லிக்காய் போன்றவை சித்த, ஆயுர்வேத மரபுகளில் நீண்டகாலமாகப் பயன்பட்டு வருபவை. கொழுப்பில் கரையும் தாவரப் பொருள்களை எண்ணெய் ஈர்த்துக்கொள்ளும் என்பதும், எண்ணெய் தோலின் கொழுப்புச் சாந்தோடு ஒட்டக்கூடியது என்பதும் உண்மை. கரிசலாங்கண்ணிச் சாறு எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக இந்திய ஆய்வுகளே உள்ளன. ஆனால் எலியின் தோல் மனிதத் தோலைவிட மெல்லியது, எளிதில் ஊடுருவக்கூடியது. எலியின் முதுகில் முளைத்த முடி மனிதரின் உச்சந்தலைக்கு உத்தரவாதம் ஆகாது. ரோஸ்மேரி எண்ணெயை 2 சதவீத மினாக்ஸிடிலுடன் ஒப்பிட்ட ஈரானிய ஆய்வு ஒன்று 2015-இல் 100 பேரிடம் நடந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. எதையும் தடவாத ஒப்பீட்டுப் பிரிவு அதில் இல்லை.

எண்ணற்றவர்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணெயால் பலன் பெற்றதாகக் கூறுவது எப்படி? அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று கருத வேண்டியதில்லை. டெங்கு, டைபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை, கடும் உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்வது உண்டு. மயிர்க்கால்கள் சேதமடையாததால், பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்களுக்குள் இது தானாகவே சரியாகிவிடும். உதிர்வைக் கண்டு அஞ்சியவர் அந்த மாதங்களில் எந்த எண்ணெயைத் தேய்த்தாரோ, அந்த எண்ணெய்க்கே பெருமை சேர்கிறது. ஆண்மை வழுக்கை இவ்வாறு தானாகத் திரும்புவதில்லை. அதில் மயிர்க்கால்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. காத்திருக்கும் மாதங்கள் அங்கு இழப்பாகின்றன. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றால் வரும் உதிர்வுக்குத் தலையில் எதைத் தேய்த்தாலும் பயனில்லை, இரத்தப் பரிசோதனை செய்து மூல காரணத்தைக் கவனிக்க வேண்டும். வட்ட வட்டமாக முடி கொட்டினாலோ, கொட்டிய இடம் தழும்பு போல் வழுவழுப்பானாலோ தோல் மருத்துவரிடம் செல்வதைத் தாமதிக்கக் கூடாது.

இந்தியச் சட்டமும் இவ்விஷயத்தில் ஏற்கெனவே ஒரு நிலைப்பாடு எடுத்துள்ளது. 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் ‘ஜே’ அட்டவணை, எந்த மருந்தும் தடுக்கும் அல்லது குணப்படுத்தும் என்று உரிமை கோரக் கூடாத நோய்களையும் நிலைகளையும் பட்டியலிடுகிறது. புற்றுநோய், பார்வையிழப்பு ஆகியவற்றுடன் வழுக்கையும் அதில் இடம்பெற்றுள்ளது. முடியின் நிறமாற்றமும் புதிய முடி வளர்ச்சியும் தனி இனமாகவே குறிப்பிடப்பட்டுள்ளன.

இணையத்தில் கூந்தல் எண்ணெய் வாங்குவோர் புட்டியின் மீது பார்க்க வேண்டியவை சிலவே: தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, முழுமையான உட்பொருள் பட்டியல். ஹுன்சூர் எண்ணெயின் பெயரும் பொதியும் பலரால் பயன்படுத்தப்படும் நிலையில், வாங்கிய புட்டி உண்மையில் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அறிய இந்த விவரங்களே வழி. புதிய எண்ணெயை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒருநாள் பொறுத்திருந்து பார்த்தால், ஒவ்வாமை இருப்பின் தலை முழுவதும் தேய்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.